சீட்டில் இருந்த கேள்வி

அந்தத் துறையின் கருத்தரங்குகளில் ஆய்வு மாணவர் எவரும் சக மாணவரிடம் சொந்தக் கேள்வி கேட்பதில்லை. பேசப் போகிறவரே சுலபமான கேள்வி ஒன்றைச் சீட்டில் எழுதி நண்பர் கையில் திணித்துவிடுவார். அவர் எழுந்து கேட்பார், இவர் யோசிப்பதுபோல் நடித்துவிட்டுப் பதில் சொல்வார். இன்று பேசியது ஜெரோம். சீட்டு பூங்கோதையிடம் இருந்தது. "அக்கா, மைக் வந்தப்புறம் பிரிச்சா போதும்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான்.

ஏழாவது படம் திரையில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது படத்தில் பார்த்த அதே வளைகோடு, நடுவில் அதே சின்ன மேடு. தலைப்பில் குளத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தது. வெவ்வேறு குளங்களில் எடுத்த அளவீடுகள் இப்படி அச்சாக ஒத்துப்போகாது. முன்வரிசையில் பேராசிரியர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அவர்தான் நெறியாளர். அவர் கையெழுத்து இல்லாமல் இருவர் ஆய்வேடும் நகராது. நமக்கெதற்கு வம்பு, சீட்டில் இருப்பதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று பூங்கோதை முடிவு செய்தாள்.

"யாராச்சும் ஏதாவது கேக்கணுமா?" என்றார் பேராசிரியர், திரும்பிப் பார்க்காமலே.

மைக் அவள் கைக்கு வந்தது. எழுந்து நின்று சீட்டைப் பிரித்தாள். ஜெரோமின் கோணல் எழுத்து.

'மூணாவது படமும் ஏழாவது படமும் எப்படி ஒண்ணா இருக்கு? ஏழாவது படத்தை உனக்கு யார் கொடுத்தது?'

மேடையில் ஜெரோம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பேராசிரியர் இப்போதுதான் திரும்பினார்.

"கேளும்மா" என்றார்.