நற்சான்று தந்த நிர்வாகி

ஊரார் தபால்பெட்டிகளைக் காரால் இடித்துத் தள்ளிய டானரை, ஆன்லைனில் முதியோருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும்படி ஒஹாயோ நீதிமன்றம் தண்டித்திருந்தது. அவன் அனுப்பிய சான்றிதழைச் சரிபார்க்க, அதிலிருந்த தொண்டு நிறுவன எண்ணுக்கு போன் செய்தாள் கோர்ட் குமாஸ்தா வெர்னா.

"டானரா? தங்கமான பையனாச்சே! ஒருநாள்கூட மட்டம் போடல," என்றாள் நிறுவனத்தின் நிர்வாகி.

கோர்ட் அனுப்பிய ஆளை இப்படிக் கொஞ்சும் நிறுவனத்தை வெர்னா கண்டதேயில்லை. ஒரு பொய்யை வீசிப் பார்த்தாள்.

"ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா ஜட்ஜ் இதை ஏத்துக்கலையாம். நாளைக்குக் காலையில ரோட்டுல பனி அள்ள அனுப்பச் சொல்லிட்டாரு."

"ஐயையோ, இந்தக் குளிர்லயா? பொறந்ததுலேருந்தே அவனுக்குக் குளிர் ஒத்துக்காதுங்க!"

"அப்படியா? அப்ப உங்க பிள்ளைக்கு க்ளவுஸ் மாட்டி நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க. உங்களுக்கும் ஒரு ஜோடி எடுத்துக்குங்க!"