நொண்டி நடை எஞ்சின்

ஒரு பழைய ஜீப்பின் எஞ்சினுக்குப் பிறவியிலேயே நொண்டி நடை. அதன் சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிக்கமாட்டா; ஒன்று முந்தும், அடுத்தது சற்றே தாமதித்து வரும். அப்படியே அது மலையெல்லாம் ஏறியிருந்தது. கார்புரேட்டர் பழுதாகிவிடவே, எரிபொருளையும் தீப்பொறியையும் கணக்கிட்டு அனுப்பும் கணினிப் பெட்டி ஒன்றை மெக்கானிக் வாங்கிவந்து பொருத்தினார். மாலைக்குள் வண்டி கிளம்பாவிட்டால் காயலான் கடைதான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“அண்ணே, உங்க நாடி சரியில்லை. நான் சீராக்கித் தர்றேன்,” என்றது பெட்டி.

“அது நோயில்லை தம்பி, என் நடை.”

பெட்டி கேட்கவில்லை. சம இடைவெளியில் தீப்பொறியை அனுப்பியது. எஞ்சின் தும்மிற்று, விக்கிற்று. பின்னால் வெடித்த வெடியில் சைலன்சர் கழன்று வேலியைத் தாண்டிற்று. காயலான் கடைக்காரர் சங்கிலியோடு வந்து நின்றார்.

“நான் போனா இரும்பு விலையாவது கிடைக்கும். உன்னை எந்தக் கூடையில போடுவாங்களோ?” என்றது எஞ்சின்.

பெட்டி அரண்டுபோயிற்று. “எப்படி வெடிப்பீங்க? சொல்லுங்கண்ணே, சீக்கிரம்!”

“தக் தக்... தக் தக்...”

அந்தக் கணக்கிலேயே பெட்டி பொறி வைத்தது. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிற்று.

வழியில் தூறல் விழவே, வைப்பர் ஆடத் தொடங்கியது. பெட்டி அதைச் சற்று நேரம் கவலையோடு கவனித்தது.

“ஏம்மா, இப்படி ஒரே சீரா ஆடுறியே, உடம்புக்கு ஏதாவதா?”