பூச்சாடியின் அடிப்பக்கம்

நாத்தனார் அந்தக் கண்ணாடிப் பூச்சாடியை மேசை நடுவில் வைத்தாள்.

"அண்ணி, பழைய கண்ணாடியப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? எங்கம்மா காலத்துதுன்னா நான் எடுத்துக்கறேன். இல்லன்னா உங்ககிட்டயே இருக்கட்டும்."

நியாயமான பேச்சுதான். அம்மா முகம்கூட நினைவில்லாமல் வளர்ந்தவள். அண்ணனுக்காக அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

அண்ணிக்கோ புருஷன் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உடம்பே மரத்துப்போயிருந்தது. இந்த வீட்டில் அந்தச் சாடியைத் தவிர வேறு எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை.

ஏலக்கடையில் பழம்பொருள்களைச் சோதித்துக் காலமெல்லாம் செய்த வேலை. கை தன்பாட்டுக்குச் செய்தது.

விரலால் சுண்டினாள். நின்று ஒலிக்க வேண்டிய சத்தம் சட்டென்று அடங்கியது. பட்டைகளைத் தடவினாள். ஓரங்கள் மழுங்கல். கையால் வெட்டியதல்ல, அச்சில் வார்த்தது.

கடைசியாகக் கவிழ்த்தாள். வயதை மறைக்கத் தெரியாத இடம் அடிப்பக்கம்தான். புழங்கிய சாடியில் கீறல்கள் கண்டபடி ஓடும். இதிலும் ஓடின. ஆனால் அவற்றுக்கு அடியில், படிய வாரிய தலைபோல, எல்லாம் ஒரே திசையில்.

புதுச் சாடியை வாங்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறார்கள். படு மோசமான வேலை.

புதுசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாடி இங்கேயே இருக்கும்.

எங்கம்மா சொத்து, உனக்குப் பழசுதானே பிடிக்கும் என்று சொல்லித்தான் கல்யாணமான புதிதில் அவர் இதை நீட்டினார். வந்தவர் போனவரிடமெல்லாம் சாகும்வரை அதையே சொன்னார்.

"பழசுதாம்மா. உங்கம்மாவோடதுதான். எடுத்துட்டுப் போ."

நாத்தனார் அதைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

இவள் கதவைச் சாத்திவிட்டு வந்து இழுப்பறையைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில், நான்காக மடித்த உப்புத்தாள். கல்யாணமான முதல் வாரம் துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் கிடைத்தது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கப் பார்த்த மனுஷன். ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

பிரித்தாள். மடிப்பில் வெள்ளையாகக் கண்ணாடித் தூள் இன்னும் இருந்தது.

விரலை வைத்தாள். சுருக்கென்று வலித்தது.