எழும்பாத கால்

வீல் வீலென்று அலாரம் அலறுகிறது. செங்கம் ரோட்டுப் பழைய கார் கடையில், எஸ்யூவியில் ஏறப்போன ராமதாஸ், இடது கால் எழும்பாமல் பக்கத்து செடான் மேல் சாய்ந்துவிட்டார். கடைக்காரர் சாவியை அமுக்கி அதை அடக்குகிறார். கால் மரத்துப்போவது தெரிந்தால் பக்கத்தில் நிற்கும் மனைவி திரௌபதி இனி ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டாள். "எஸ்யூவி உயரம் ஜாஸ்தி. இந்தக் கறுப்பு செடான்தான் ராஜா வண்டி," என்று ராமதாஸ் சிரிக்கிறார். தாழ்ந்த தோல் இருக்கையில் வெயில் பளபளக்கிறது. சரிந்து உட்கார்ந்தால் போதும். திரௌபதி சிரிக்கவில்லை. எஸ்யூவியின் படியையும் அவர் முழங்காலையும் மாறிமாறிப் பார்க்கிறாள். பிறகு செடானின் டிரைவர் இருக்கையில் தானே உட்காருகிறாள். "இதையே எடுத்துக்கலாம்ங்க, ஆனா நான்தான் ஓட்டுவேன். போன பௌர்ணமிக்கு கிரிவலம் முழுக்க நடந்தேன்னு சொன்னீங்க. அடி அண்ணாமலையில நீங்க ஆட்டோ ஏறினப்போ நான் பின்னாடிதான் வந்துட்டிருந்தேன்."