மாப்பிள்ளை வீடு பார்த்த அன்று

ஏழாம் நம்பர் மேசையில் இரண்டு கைப்பேசிகளையும் கௌஸ் எதிரெதிரே நிறுத்தினார். ஒன்றுக்குப் பால் டின் முட்டு. மற்றதற்கு டிஷ்யூ டப்பா.

"குரூப் கால் போட்டாலே போதும் அங்கிள்" என்றாள் ரீம்.

"சம்பந்திங்க எதிரெதிரே உட்காரணும் லா. நீ சும்மா இரு."

ரீம் பாலஸ்தீனத்துப் பெண், மருந்தியல் படிக்க வந்தவள். பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்த ஒமரும் அந்த நாட்டுக்காரன்தான். போர்ட் கிள்ளானில் வேலை. இரண்டு பேரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது கிள்ளானில், கௌஸின் இந்தச் சாப்பாட்டுக் கடையில்.

ஒமரின் தாய் எப்போதோ சம்மதம் சொல்லிவிட்டாள். ரீமின் வாப்பாதான் மூன்று மாதமாக ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் வாய் திறக்காமல் நிக்காஹ் கிடையாது என்று ரீம் ஒரே பிடியாக நின்றாள்.

கௌஸுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? சொந்தபந்தங்களுக்காக அவர் ஏறி இறங்காத வீடு இல்லை. அடுப்படியைப் பார்ப்பார், குளியலறையைப் பார்ப்பார், தேத்தண்ணி கொண்டுவரும் மாமியாரின் முகத்தைப் பார்ப்பார். அந்த வித்தையில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. இத்தனை கடல் தாண்டி வந்து சந்தித்தவர்கள் அங்கே ஆளுக்கொரு மூலையில் இருந்திருப்பார்கள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

மாலை ஐந்தே முக்கால். அங்கே நண்பகல்.

பால் டின் பக்கத்துக் கைப்பேசியில் ஒமரின் தாய் வந்தாள். டிஷ்யூ டப்பா பக்கம், நரைத்த மீசையோடு ரீமின் வாப்பா. சலாம் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தம்மா வீட்டைக் காட்டத் தொடங்கினாள். அடுப்படி பளிச்சென்று இருந்தது. கௌஸ் பக்கவாட்டில் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஊறுகாய்ப் போத்தல்கள், வெள்ளையடித்த கூடம், பிறகு மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு.

அவள் காலைத் தூக்கியதும் வாப்பா ஏதோ கத்தினார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னவாம்?" என்றார் கௌஸ்.

ஒமர் வாயிலிருந்து விரலை எடுத்தான். "மூணாவது படி உடைஞ்சிருக்காம். பார்த்து ஏறணுமாம்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

அந்தம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். உடைத்ததே அவர்தானாம். எட்டு வீடு தள்ளியிருந்து தண்ணீர்த் தொட்டியை மேலே ஏற்ற ஒத்தாசைக்கு வந்து, கைநழுவிப் போட்டுவிட்டாராம். ஒமர் பிறப்பதற்கு முன்னால். ஊரை இரண்டாக வெட்டிய மதில் வருவதற்கு முன்னால்.

ரீம் வாயைப் பொத்திக்கொண்டாள். இது அவளுக்கும் புதுச் செய்தி.

அந்தம்மா மாடியேறினாள். மற்ற கைப்பேசியிலும் படம் குலுங்கியது, வாப்பாவும் தன் வீட்டு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு திரையிலும் சாம்பல் நிறத்தில் ஒரே மதில் வந்து நின்றது. தென்னையில் பாதி உயரம். தலையும் இல்லை, வாலும் இல்லை.

அந்த நேரத்தில் பாங்கு கேட்டது. கிள்ளானில் அது எந்தத் தொழுகை வக்துக்கும் உரிய நேரமில்லை. அங்கே லுஹர், நண்பகல் தொழுகை. ஒரே குரல் இரண்டு கைப்பேசியிலிருந்தும் வந்தது.

அந்தம்மா கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டை எடுத்து, தொட்டிமேல் ஏறி நின்று ஆட்டினாள்.

கௌஸ் மற்ற திரையைப் பார்த்தார். அங்கே மதிலின் விளிம்புக்குமேல், அரிசி அளவில், வெள்ளையாக ஏதோ ஆடியது.

எட்டு வீடு தாண்டிப் போகவேண்டிய ஒரு சலாம், கிள்ளானுக்கு வந்து, அவருடைய மேசையைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுப்ஹானல்லாஹ் என்றார்.

பாங்கு முடிந்தது. வாப்பா இரு கைகளையும் ஏந்தினார். ஓதியது அல்ஹம்து சூரா, அதாவது பாத்திஹா. அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாத்திஹா ஓதிவிட்டால் நிச்சயம் ஆகிவிட்டது என்று அர்த்தம், அங்கேயும் இங்கேயும். கௌஸும் கை ஏந்தி ஆமீன் சொன்னார்.

"அப்புறம் என்ன புள்ள! லீவுக்குப் போனா ரெண்டு வீட்டிலயும் விருந்து. நடந்தே போயிட்டு வரலாம்."

ரீம் அழுதுகொண்டிருந்தாள். மதிலுக்குத் தன் பக்கத்தில் நீல அடையாள அட்டை, ஒமர் பக்கத்தில் பச்சை என்றாள். பச்சைக்காரன் அவள் பக்கம் வந்து குடியிருக்க முடியாது. அவள் அந்தப் பக்கம் போனால் மதில் கட்டியவர்கள் நீலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். இங்கேயே இருந்தாலும் சில வருடத்தில் அது போய்விடும். அப்புறம் வாப்பாவின் வாசலை மிதிக்க முடியாது.

மூன்று மாதமாக அந்த மனிதர் யோசித்தது வீட்டைப் பற்றியல்ல என்று கௌஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரையில் வாப்பா ஏதோ கேட்டார். பார்வை கௌஸ் மேல்.

"உங்களைத்தான் கேக்குறாரு அங்கிள்" என்றாள் ரீம். "உங்க ஊர்ல, பக்கத்து வீட்டுக்குப் பொண்ணு கொடுக்குறவங்களும் இப்படித்தான் அழுவாங்களான்னு."

கௌஸ் இரண்டு கைப்பேசிகளையும் இன்னும் ஒரு சாண் நெருக்கி வைத்தார்.