ஏழாவது அடி

"எண்ணு மாமே" என்றான் வரதன்.

ஒரே ஹெட்போன். வளைவைத் திருப்பி ஒரு பக்கத்தை அவன் காதிலும் இன்னொரு பக்கத்தை என் காதிலும் வைத்திருந்தான். அதற்காக இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கள்ளிக்குப்பத்தில் அவன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்தது.

வாக்மேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் வந்தேன். அவன் விடவில்லை.

காதுக்குள்ளே கிதார் தகடு வெட்டுகிற மாதிரி இரைந்தது. அதற்கு அடியில் டிரம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணினேன். ஏழில் நிறுத்தி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

வரதன் என் தொடையில் ஓங்கித் தட்டினான். இடது கையால்.

"த்தா, புட்ச்சிட்டியே! கஜபதிக்கு ஏழு வந்துட்ச்சு! நீ ஜென்மத்துக்கும் எட்டுதான் எண்ணுவேன்னு நெனச்சேன்."

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் கேசட்டை வாக்மேனோடு கொடுத்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு சிநேகிதன் பதிந்து தந்தது. வெளிநாட்டுப் பேண்டு. பேர் எனக்கு வாயில் நுழையாது. வெறும் மெட்டல் ராக் இல்லையாம், தாளத்தை உடைத்து விளையாடுகிற புரோக்ரெசிவ் மெட்டலாம். ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிஷம்.

வரதன் லீவு நாளில் கல்யாண பேண்டு செட்டில் சைடு டிரம் அடிப்பவன். அவனுக்கு அது சங்கீதம். எனக்கு மூன்று மாதமும் இரைச்சல். கம்பெனியில் தகடு அமுக்குகிற பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் கேட்டது போதாதா என்று தோன்றும்.

ஆனாலும் விடாமல் கேட்டேன். ஏதோ ஒன்று பிடிபடாமல் இழுத்தது. வழக்கமான பாட்டில் எட்டு அடிக்கு ஒரு சுற்று. எட்டாவது அடி வரும் என்று கால் காத்திருக்கும். வராது. தடுக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

பிடிபட்ட பிறகுதான் தெரிந்தது, யாரும் தடுக்கிவிடவில்லை. ஒரு அடியை எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும் என்று நினைத்திருந்தேன். அது ஓடியது.

"எப்போ மாமே புடிபட்ச்சு?"

"இப்பதான். போன வாரம்."

அவன் பொண்டாட்டி சாமுண்டீஸ்வரி டீ கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூணு வெரலு பூட்ச்சு. இந்தச் சனியன் புட்ச்ச கேசட்டு மட்டும் போவுதா பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வரதன் சிரித்தான். வலது கையைத் தலையணைமேல் வைத்திருந்தான். கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது. அந்தக் கட்டும் மெதுவாக அசைந்து தாளம் போட்டது.

வெள்ளிக்கிழமை, ஃபர்ஸ்ட் ஷிப்டு, டீக்கு மணி அடிக்கக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அது நடந்தது.

பெரிய பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள். ஒருவன் தகட்டை உள்ளே வைப்பான். மற்றவன் பெடலை மிதித்து மேல் அச்சை இறக்குவான். பெடல் பக்கத்திலிருந்து உள்ளே இருக்கிற கை தெரியாது. வைத்தவன் கையை வெளியே எடுத்ததும் "ஓய்" என்று குரல் கொடுப்பான். குரல் வந்தால்தான் மிதிக்கணும். எல்லாரும் காதில் பஞ்சு அடைத்துத் தலையோடு துண்டைக் கட்டியிருப்போம். பஞ்சையும் மீறி அந்த "ஓய்" மட்டும் கேட்டுவிடும்.

ஆறு வருஷமாக அவன் வைப்பான், நான் மிதிப்பேன்.

ஃபோர்மேன் செங்கல்வராயன் மேனேஜ்மெண்டுக்கு இப்படி எழுதிக் கொடுத்துவிட்டார்: வரதன் குரல் கொடுத்துவிட்டு, தகடு கோணலாக இருக்கிறதென்று மறுபடி கையை உள்ளே விட்டான். அவன் தப்பு. நாளைக்கு விசாரணை. அதுவே நிலைத்துவிட்டால் வேலை போய் அவன் கம்பெனி கேட்டுக்கு வெளியே. பக்கத்தில் இருந்த ஒரே ஆள் நான்.

பாட்டு நடுவில் எல்லாம் அடங்கிப் பியானோ மட்டும் வந்தது. வரதன் வாக்மேனை நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"ரெண்டு நாளா யோசிச்சுகினே கீறேன். எனுக்கு நெனப்பே இல்ல மாமே. கை உள்ள இருந்தது தெரியுது. அப்பால ரத்தம் தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்ல." கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நான் கொரல் குட்த்தேனா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சாமுண்டீஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"குட்த்த" என்றேன். "நல்லா கேட்டுச்சு."

வரதன் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்போ ஃபோர்மேன் சொல்றது கரெக்டுதான். என் தப்புதான்." பிறகு ஹெட்போனைக் கழற்றி முழுசாக என் தலையில் மாட்டிவிட்டான். "இது உன்னாண்டயே இருக்கட்டும். எனுக்கு இன்மே அடிக்கக் கை இல்ல. உனுக்குக் காது கீது."

இடது கைக் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினான். கிதார் இரைந்தது. டிரம் விழுந்தது.

"எண்ணு" என்று அவன் உதடு அசைந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை.

அன்றைக்கு என் காதில் பஞ்சு இல்லை. துண்டுக்கு அடியில் இந்த ஹெட்போன் இருந்தது. எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் அதைக் கழற்றி டிபன் பையில் போட்டேன்.

அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஏழு பிடிபட்டிருந்தது. மூன்று மாதம் பிடிபடாதது. ஏழு முடிந்து மறுபடி ஒன்று விழுந்த இடத்தில், சந்தோஷத்தில், என் காலும் பெடலில் விழுந்தது.