அணைந்த அடுப்பின் புகை

இரண்டு என்றால் அழகர்சாமிக்கு வேலை இருக்கும். மூன்று என்றால் போய்விடும்.

மாத்தளையில் ஒரு கொக்கோ மில்லுக்கு நீராவி தந்தது, நிலக்கரியில் எரியும் ஒரு பொயிலர், அதாவது கொதிகலன். அதன் புகையின் கறுப்பை, சாம்பலிலிருந்து கறுப்புவரை கட்டங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்துவரை அளக்கச் சட்டம் வந்திருந்தது; இரண்டைத் தாண்டினால் பொயிலரை மூடவேண்டும். கரி அள்ளிப் போடும் அழகர்சாமி யோசித்தார். பரிசோதனைக்கு முந்தின நாளே அடுப்பை அணைத்துவிட்டார்.

சுகாதாரப் பரிசோதகர் பதுர்தீன் அட்டையைப் புகைபோக்கிக்கு நேரே பிடித்தார்.

"நாலு."

"அடுப்பே பத்தவைக்கலைங்க ஐயா! கையை வச்சுப் பாருங்க."

"எனக்கே வித்தை காட்டுறியா?" பதுர்தீன் உள்ளே போய்ப் பொயிலர்மேல் கையை வைத்தார். இரும்பு சில்லென்றிருந்தது. வெளியே வந்து மறுபடி அளந்தார். நாலுதான்.

"கண்ணுல தெரியுறதத்தானே நான் எழுதணும், அழகர்சாமி?"

பொயிலரை மூடினார்கள். மறுமாதம் பொயிலரைக் கழற்றி, புகைபோக்கியை இடித்து, செங்கல்லையும் லொறியில் ஏற்றிப் போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த வழியே வந்த பதுர்தீன் சைக்கிளை நிறுத்தினார். வெறும் நிலத்துக்கு மேலே, முன்பு புகைபோக்கியின் வாய் இருந்த அறுபதடி உயரத்தில், காற்றின் நடுவிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கீழே அழகர்சாமி நின்றார்.

"எரியுதுன்னா கரி போட ஆளு வேணும்தானே, ஐயா?" என்றார்.

அந்தக் காலைக் குளிரில் அவர் முகம் வியர்த்து ஒழுகியது. கைகள் முழங்கைவரை கரி படிந்து கறுத்திருந்தன.